ஆறில்லாத ஊரில் ஒரு காமிரா

ஆற்றங்கரை நகரங்களைப் படம் பிடிப்பது எளிது. ஒரு பாலம் இருக்கும். பாலத்துக்கு அப்பால் ஒரு கோபுரம் இருக்கும். கோபுரத்தின் நிழலை ஆறே ஏந்திக் காட்டும். மேல்நாடுகளுக்குப் படிக்கச் சென்ற நம் மன்றத்து நண்பர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பிராக் நகரில் வல்தாவா ஆற்றின் மேல் 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலம். புடாபெஸ்ட் நகரில் தன்யூப் ஆற்றின் மேல் 1849இல் முதன்முதலாகத் திறந்த சங்கிலிப் பாலம். "இங்கே கண்ணை மூடிக்கொண்டு காமிராவை அழுத்தினாலும் படம் நன்றாக விழும்" என்று ஒரு நண்பர் எழுதினார். உண்மையாகவே இருக்கும். பார்க்க வருவோருக்காகப் பேணிக் காக்கப்படும் நகரங்கள் அவை.

எனக்குப் பிராக் செல்லக் காசில்லை. கோலார் தங்க வயலுக்குச் செல்லக் காசிருந்தது. சென்ற விடுமுறையில் மூன்று நாள் அங்கே காமிராவும் கையுமாகத் திரிந்தேன். அந்த ஊரிலும் பழைய ஐரோப்பா சிறிது ஒட்டிக்கொண்டிருக்கிறது; ஆறு மட்டும் இல்லை. அப்படிப்பட்ட ஊரை எப்படிப் படம் பிடிப்பது என்பதைப் பற்றியே இக்கட்டுரை. படம் பிடிப்பதில் விருப்பமில்லாத அன்பர்களும் பொறுமையோடு படிக்கலாம். பாதிக்கு மேல் மனிதர்களைப் பற்றிய செய்திதான்.

ஆறில்லை என்றேன். ஆனால் இரண்டு ஆறுகள் இல்லாமல் அந்த ஊரே இல்லை. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இரயில் காட்பாடியைத் தாண்டினால், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமெல்லாம் பாலாறு நம்மோடு வரும். 'வரும்' என்பது மரியாதைக்காகச் சொல்வது. பெரும்பாலும் மணல்தான் வரும். நந்தி மலைப் பக்கம் தோன்றிக் கோலார் மாவட்டத்தைக் கடந்து, ஆந்திரத்தில் சிறிது தூரம் ஓடித் தமிழகத்தில் நுழையும் ஆறு அது. மேலே பேத்தமங்கலத்தில் அதன் நீரைத் தேக்கித்தான் தங்க வயலுக்குக் கொண்டு சென்றார்கள். ஆறு இறங்கிய வழிக்கு எதிராக நம் மக்கள் ஏறிச் சென்றார்கள். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளில் நிலமில்லாதவர்கள், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள், கூலி என்று ஒன்று கையில் கிடைக்கும் என்று கேள்விப்பட்டவர்கள் அவர்கள்.

மற்றோர் ஆறு காவிரி. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம், 92 மைல் தூரம் கம்பி வழியே வந்து இந்தச் சுரங்கங்களை இயக்கியது. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். தலைநகருக்கு முன்னே தங்க வயலுக்கு வெளிச்சம் வந்துவிட்டது!

பங்காரப்பேட்டையில் இறங்கி வண்டி மாறினேன். 1894இல் சுரங்கத்துக்காகவே போட்ட கிளைப்பாதை அது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று முடியும். நிலையங்களின் பெயர்களே ஊரின் கதையைச் சொல்லிவிடும். ஒரு பெயர் மண்ணுக்கு உரியது; அடுத்த பெயர் கம்பெனிக்கு உரியது. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து காலூன்றினார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்க வேலை தெரிந்தவர்களை வரவழைத்தார்கள். வெள்ளையருக்கு ஓட்டுக்கூரைப் பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம், தேவாலயம். நம்மவருக்கு மூங்கில் தட்டிக் குடிசைகள், பின்பு வரிசை வரிசையாக 'லைன்' வீடுகள். குளிர்ந்த காற்றையும் பங்களாக்களையும் கண்டு 'குட்டி இங்கிலாந்து' என்று பெயரிட்டார்கள். லைன் வீட்டில் இருந்தவர்கள் அப்பெயரை இட்டிருக்க மாட்டார்கள் என்பது என் துணிபு.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1972இல் அவை பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கீழ் வந்தன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அந்த மண் கொடுத்த தங்கம் 800 டன் அளவு என்பர். அத்தனையும் வெளியூர் போயிற்று. ஊருக்கு மிஞ்சியது மலைகள்.

ஆம், மலைகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின், எஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டானவை. ஊரார் 'சயனைடு மலை' என்பர். வெளிறிய மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம். மழை அரித்த மடிப்புகள். மேலே ஒரு பச்சை இல்லை. மாலை வெயில் சாய்ந்து விழும்போது, பாலைவனத்தைக் கொண்டு வந்து ஊர் நடுவே வைத்தாற்போல் இருக்கும். காமிராவுக்கு இதைவிட என்ன வேண்டும்? 2018இல் வெளிவந்த 'கே.ஜி.எஃப்' கன்னடப் படத்துக்கும், 2024இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' படத்துக்கும் பிறகு, இந்த ஊரின் பெயரை அறியாத இளைஞர் இல்லை. நான் சென்ற மாலையில்கூட நாலைந்து பேர் கைப்பேசியை நீட்டி, தாடியைத் தடவிக்கொண்டு, கதாநாயகன் நடையை நடந்து பார்த்தார்கள். நடை நன்றாகவே இருந்தது.

படம் பிடிக்கும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. இப்படி வெளிறிய பரப்பைக் கண்டதும் காமிரா ஏமாந்து ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும். மலை அழுக்குத் துணிபோல் விழும். ஒரு ஸ்டாப் ஒளியைக் கூட்டி வைத்தால் சரியாக வரும். ஆனால் அங்கே நெடுநேரம் நிற்காதீர்கள். கோடைக் காற்றில் அந்த மண் பறக்கிறது. நமக்கு அது ஒரு மாலைப்பொழுதின் தூசி. கீழே வாழும் குடும்பங்களுக்கு அது சோற்றில் விழும் தூசி.

மலையடிவாரத்தில் ஒரு லைன் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என் காமிராவைப் பார்த்தார். "படம் எடுக்கலாமாம்மா?" என்று கேட்டேன்.

"எதை எடுக்கப் போற தம்பி? இடிஞ்ச செவுத்தையா? வர்றவங்க எல்லாம் அதைத்தான் எடுக்கறாங்க. எங்க பக்கத்து வீட்டைப் படம் புடிச்சு 'பேய் ஊரு'ன்னு போட்டாங்களாம். எம் மவன் காட்டினான். அந்த வூட்ல மூணு பிள்ளைங்க படிக்குது."

அந்த ஒரு பேச்சில், பயணப் புகைப்படக் கலை பற்றி நான் படித்த நூல்களில் இல்லாத பாடம் ஒன்று இருந்தது. இடிந்த சுவர் அழகானது, அசையாமல் நிற்கும், கூலி கேட்காது, நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்காது. ஆகவே காமிரா அதை நாடுகிறது. ஆனால் ஓர் ஊரின் இடிந்த சுவர்களை மட்டும் எடுத்துக் கோத்தால், வாழ்கிறவர்களை இல்லாதவர்களாக்கி விடுகிறோம். வேலை போயிற்று, ஊர் போகவில்லை. 'பேய் ஊர்' என்று ஊர் பெயர் பெற்றுவிட்டால், அங்கே பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் கேட்பவர் குரல் யார் காதில் விழும்? பேய்களுக்கு எதற்குச் சாலை என்றல்லவா ஆகிவிடும்!

மறுநாள் சாம்பியன் ரீஃப் பக்கம் சென்றேன். சுரங்க வாயின் மேலே நிற்கும் இரும்புக் கோபுரத்தை வேலிக்கு வெளியே நின்று எடுத்தேன். ஒரு காலத்தில் அதன் சக்கரம் சுழன்றால் 'கேஜ்' என்னும் கூண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்ற சுரங்கம் இது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. அடியில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல். மேலே நின்று படம் எடுக்கும் எனக்கு இக்கோபுரமே சுரங்கமாகத் தெரிகிறது. ஆனால் கோபுரம் வாசல்தான். வீடு கீழே இருக்கிறது.

அந்த இருட்டிலும் ஒரு காலத்தில் காமிரா இருந்தது என்பது வியப்பான செய்தி. பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் அறிவியலாளர் சேர்ந்து, இந்தச் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினர். வேறு கதிர்கள் நுழைய முடியாத ஆழம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. துகள் ஒன்று கடந்தால் நியான் குழாய்கள் பளிச்சிடும். அந்தத் தடத்தைக் காமிரா பதிவு செய்யும். 1965இல், வானிலிருந்து வந்து பூமியைத் துளைத்துச் செல்லும் நியூட்ரினோவின் தடத்தை அவர்கள் கண்டனர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே ஆண்டில் வேறொரு குழுவினர் கண்டனர். உலகில் அதுவே முதல் முறை. எவர் கண்ணுக்கும் தெரியாத துகளுக்குக்கூட அந்தச் சுரங்கத்தில் படம் உண்டு!

அங்கே உழைத்த மனிதருக்கு உண்டா? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியவர், ஒரு தேநீர்க் கடையில் சந்தித்த பெரியவர். முப்பது ஆண்டு சுரங்கத்தில் துளையிட்டவர். பேச்சுக்கு நடுவே நின்று நின்று மூச்சு வாங்கினார். "பாறைத் தூள் தம்பி, உள்ளேயே தங்கிடுச்சு. கம்பெனி தங்கத்தை எடுத்துக்கிச்சு, தூளை எங்களுக்கு விட்டுடுச்சு" என்று சிரித்தார். சங்கு ஊதினால் ஊரே எழுந்த காலத்தையும், அடியில் பாறை வெடித்துச் சரிந்தால் மேலே லைன் வீட்டுப் பாத்திரங்கள் அதிர்ந்து விழுந்ததையும், பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சுரங்க வாய்க்கு ஓடியதையும் சொன்னார். வீட்டுக்கு அழைத்துச் சென்று தம் படங்களைக் காட்டினார். ராபர்ட்சன்பேட்டை ஸ்டுடியோவில் எடுத்த கல்யாணப் படம். அடையாள அட்டையில் ஒட்டிய படம். ஓய்வு பெற்ற நாளில் மாலையோடு நின்ற படம்.

"வேலை செய்யும்போது எடுத்தது இல்லையா, ஐயா?"

"கீழே யார் தம்பி எங்களைப் படம் எடுப்பாங்க? தொரைங்க வந்தா தொரைங்களை எடுப்பாங்க. நாங்க ஓரமா நிப்போம்."

உழைப்பாளரைப் பதிவு செய்ய ஒரு முறை நிர்வாகம் முனைந்ததுண்டு. 1930இல் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். குற்றவாளிக்குச் செய்வதை எங்களுக்குச் செய்வதா என்று சுரங்கமே கொதித்தது. ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்து நின்றார்கள். எழுத்தறிவு அதிகமில்லாத அந்த மக்களுக்கு ஓர் உண்மை தெளிவாகத் தெரிந்திருந்தது: ஒருவனைப் பதிவு செய்வது வேறு, மதிப்பது வேறு. காமிரா பிடிக்கும் நாமும் இதை மறக்கலாகாது. நாம் எடுப்பது படமா, கைரேகையா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரியவரிடம், "கோபுரத்தின் முன்னால் நிற்கிறீர்களா, ஒரு படம் எடுக்கிறேன்" என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். "அது செத்துப் போச்சு. நாளைக்குக் காலையில இரயிலுக்கு வா. எம் பேத்தி வேலைக்குப் போவா. அதை எடு."

பொழுது புலருமுன் மாரிக்குப்பம் நிலையத்துக்குச் சென்றேன். சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊரைக் காப்பாற்றி வருவது இந்த இரயில்தான். நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் கடையிலும் கம்பெனியிலும் மருத்துவமனையிலும் வேலை செய்ய ஆயிரக்கணக்கானவர் நாள்தோறும் சென்று இரவில் திரும்புகிறார்கள். தாத்தா கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கினார். பேத்தி இரயிலேறிப் பெருநகருக்குள் இறங்குகிறாள். அந்தப் பெண் தோளில் பையும் கையில் சோற்று டப்பாவுமாக வந்தாள். பெரியவர் சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டு அவள் அருகில் நின்றார். பனி இருந்தது, வெளிச்சம் போதவில்லை. நிலைய விளக்கின் கீழே நிற்கச் சொல்லி இரண்டு படம் எடுத்தேன். ஒன்றில் அவள் சிரித்துவிட்டாள், வண்டி வந்துவிட்டது.

மூடிய சுரங்கத்தில் நீர் இறைக்கும் இயந்திரங்கள் நின்று நெடுங்காலம் ஆயிற்று. தொழிலாளர் குடைந்த பாதைகளில் எல்லாம் இப்போது தண்ணீர் நிறைந்திருக்கிறது. ஆறில்லாத ஊர் என்று நான் சொன்ன ஊரின் அடியில், எவரும் பார்க்க முடியாத நீர் இருண்டு கிடக்கிறது. அதை எடுக்கக் காமிரா இல்லை. ஆனால் அதைக் குடைந்தவர்களில் சிலர் இன்னும் நம்மிடையே தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை எடுக்கக் காமிரா போதும்.

விடுமுறையில் ஊர் சுற்றும் நண்பர்களே! பிராக் செல்ல வாய்ப்புக் கிடைத்தால் மகிழ்ச்சியோடு சென்று பாலத்தை எடுங்கள். தங்க வயல் போன்ற ஊருக்குச் சென்றால் மூன்று வேலைகளைக் கூடுதலாகச் செய்யுங்கள். கேட்டு எடுங்கள். எடுத்த படத்தின் பின்னால் ஆளின் பெயர், ஊர், நாள், செய்த தொழில் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு பிரதியை அச்சிட்டு அவர்களுக்கே அனுப்புங்கள். அந்தப் பெரியவர் வீட்டுச் சுவரில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்குப் பொருந்தும் அளவில் சட்டம் போட்டு, சென்ற வாரம் அஞ்சலில் அனுப்பிவிட்டேன்.