விளக்கு எரிந்த இரவில் மடிந்த மீன்கள்

பதினோராம் வகுப்பு, உயிரியல் பிரிவு

மின்சாரம் நின்றுவிட்டால் மனிதருக்கு வரும் தொல்லைகளைக் கடலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயல் மின்கம்பங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்துவிட்டுப் போயிற்று. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு விழுந்ததையும், பல ஊர்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்ததையும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்வார்கள்.

மின்சாரம் போனதால் வந்த துன்பங்களையே அப்படிக் கேட்டு வளர்ந்தவள் நான். மின்சாரம் திரும்பி வந்ததால் உயிர்கள் மாண்டதை எங்கள் வீட்டிலேயே கண்டேன். அந்த விந்தையை என் அன்புத் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. அதில் ஆறு தங்கமீன்கள், நான்கு ஏஞ்சல் மீன்கள், மூன்று கவுராமி மீன்கள், ஆகப் பதின்மூன்று பேர் குடியிருந்தார்கள். தம்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தான். தொட்டியின் அடியில், மேசைக்குக் கீழே, மூடிய குடுவை போன்ற ஒரு வடிகட்டி. அது தொட்டி நீரை உறிஞ்சி, உள்ளே உள்ள பஞ்சுகளின் வழியே செலுத்தி, மீண்டும் மேலே அனுப்பும்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அன்று இரவே எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. டிசம்பர் 2-ஆம் நாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலாகத் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பெண்ணையாற்றங்கரையில் இருந்த எங்கள் அத்தை வீட்டில் வெள்ளம் புகுந்துவிட, அவர்கள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

தொட்டியிலோ, மீன்கள் எல்லாம் நீரின் மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தம்பிக்குப் பொறுக்கவில்லை. ஒரு குவளையால் நீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் ஓய்ந்தபோது நான், நான் ஓய்ந்தபோது அத்தை மகள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூன்று நாட்கள் இந்தத் தொண்டு நடந்தது. ஒரு மீன்கூடச் சாகவில்லை.

டிசம்பர் 3-ஆம் நாள் மாலை மின்சாரம் வந்தது. தெருவே ஆரவாரம் செய்தது. வடிகட்டியும் தானாகவே ஓடத் தொடங்கியது. "இனி கவலையில்லை" என்று எல்லோரும் உறங்கப் போனோம். மறுநாள் விடிந்து பார்த்தால் தங்கமீன்கள் ஆறும் ஏஞ்சல் மீன்கள் நான்கும் செத்து மிதந்தன. மூன்று கவுராமிகள் மட்டும் ஒரு மூலையில் உயிரோடு இருந்தன.

தம்பி அழுத அழுகையைவிட, அதன்பின் நடந்ததுதான் என்னை வாட்டியது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா முதல்நாள் காலையில் வந்து, மழைநீரோடு கூடத்தில் சேர்ந்த சேற்றைப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டுப் போயிருந்தார். "பினாயில் கையைத் தொட்டியில விட்டிருப்பா. இல்லேன்னா ராத்திரியோட ராத்திரியா பத்து மீன் எப்படிச் சாகும்?" என்றார் அத்தை. பாட்டியும் ஆமாம் என்றார். அக்கா வந்ததும் நேராகவே கேட்டும்விட்டார்கள்.

அக்கா கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். "மீனாலயே சோறு தின்னு வளந்தவ நான். அதுக்கு நான் எதுக்கும்மா வெசம் வைப்பேன்?" என்று மட்டும் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவர், அடுத்த இரண்டு நாட்களும் வரவில்லை.

எனக்கு மனம் ஆறவில்லை. அக்கா கூடத்தைக் கழுவியது 3-ஆம் நாள் காலை. அன்று மாலை விளக்கு வரும்வரை மீன்கள் பிழைத்துத்தானே இருந்தன? பினாயில் பட்டிருந்தால் பகல் முழுவதும் எப்படித் தாங்கியிருக்கும்? கவுராமிகளை மட்டும் அது எப்படி விட்டுவைத்திருக்கும்? இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வடிகட்டி ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் கூடத்தில் அழுகிய முட்டை நாற்றம் வீசியது. வெள்ளச் சேற்றின் நாற்றம் என்று அப்போது எல்லோரும் எண்ணினோம்.

பள்ளி திறந்ததும் இவற்றையெல்லாம் எங்கள் உயிரியல் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வடிகட்டியைத் திறந்து பார்த்தீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்று மாலை அப்பா அதைத் திறந்தார். பஞ்சுகள் கறுத்துப் போயிருந்தன. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

மறுநாள் ஆசிரியை விளக்கியதை என்னால் இயன்றவரை இங்கே எழுதுகிறேன். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் உள்ள ஒரு லிட்டர் நன்னீரோ சுமார் ஏழரை மில்லிகிராம்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். அந்தச் சிறு சேமிப்பைக் கொண்டுதான் மீன்கள் வாழ வேண்டும். நீர் அசைந்தால்தான் காற்றிலிருந்து புதிய ஆக்சிஜன் கரையும். தம்பியின் குவளை செய்த வேலை அதுவே.

வடிகட்டியின் பஞ்சிலோ கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. மீன்களின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை அவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 1890-ஆம் ஆண்டையொட்டி இந்த உண்மையைக் கண்டறிந்தவர் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர். இந்த நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மூடிய குடுவைக்குள் நீர் ஓடாமல் நின்றதும், உள்ளே இருந்த ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துபோயிற்று. அவை மடிய, காற்றில்லாத இடத்தில் வாழும் வேறு நுண்ணுயிர்கள் பெருகின. அழுகல் தொடங்கியது. அம்மோனியாவும், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்தன. மூன்று நாட்கள் குடுவைக்குள் அடைபட்டுக் கிடந்த அந்த நஞ்சு நீர், மின்சாரம் வந்ததும் தொட்டிக்குள் பாய்ந்தது. அது தொட்டியில் எஞ்சியிருந்த ஆக்சிஜனையும் குடித்துவிட்டது. செவுள்களையே நம்பியிருந்த மீன்கள் மூச்சுத் திணறி மாண்டன.

கவுராமிகள் பிழைத்தது எப்படி? அவற்றின் தலைக்குள், செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி, அதிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள அது உதவுகிறது. நம் ஏரி குளங்களில் உள்ள பனையேறிக் கெண்டையும் இந்த இனத்துக்கு உறவுதான். நம் ஊருக்குத் தெற்கே தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி, 1791-ஆம் ஆண்டில் பனைமரத்தின் மேல் அந்த மீனைப் பிடித்ததாக எழுதிவைத்திருக்கிறார். காற்றைச் சுவாசிக்கத் தெரிந்ததால்தான் அது நீரைவிட்டு வெளியே வந்தும் தாக்குப்பிடிக்கிறது.

இதையெல்லாம் வீட்டில் வரிசையாகச் சொன்னேன். அப்பா தலையசைத்தார். அத்தை ஒன்றும் பேசவில்லை. பாட்டிதான் எழுந்து, முக்காடு போட்டுக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். "உன்மேல சந்தேகப்பட்டது தப்பு கண்ணு, மனசுல வெச்சுக்காதே" என்றார். அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மீனுக்கு மூச்சு முட்டின மாதிரிதாம்மா எனக்கும் இந்த ரெண்டு நாளும் இருந்துச்சு" என்றார். மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார். அத்தையே அவருக்குக் காப்பி கலந்து கொடுத்தார்.

வீட்டில் மீன் வளர்க்கும் தோழியருக்குச் சில சொற்கள். மின்சாரம் நின்றதும் வடிகட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். சில மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், அதைத் திறந்து உள்ளிருக்கும் நீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசிய பிறகே மீண்டும் ஓடவிடுங்கள். இருளில் இரை போடாதீர்கள். மிச்சம் விழுந்து அழுகும். குவளையால் நீரை மொண்டு ஊற்றுங்கள். மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுக் கருவி இருந்தால் இன்னும் நல்லது. பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறால் பண்ணைகளில் நீரை அடித்துச் சுழற்றும் சக்கரங்களுக்காக ஜெனரேட்டர் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் பாடம் மதிப்பெண்ணுக்கு மட்டும் பயன்படுவதன்று. ஏழை ஒருவர்மேல் விழுந்த பழியைத் துடைக்கவும் அது உதவும். காரணம் தெரியாத இடத்தில் முதலில் அகப்படுகிறவர் எப்போதும் எளியவரே. ஆகையால் தோழியரே, பழி சொல்லுமுன் ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்போம்.