டில்லியிலிருந்து சென்னை எத்தனை மணி?

டில்லியில் குடியேறிய நம்மவரிடம் சென்னை எவ்வளவு தூரம் என்று வினவினால், எவரும் கிலோமீட்டரில் விடை கூறுவதில்லை. “ரயிலில் இரண்டு இரவு, ஒரு பகல்” என்பார் முதியவர். “விமானத்தில் மூன்று மணி” என்பான் பேரன். இரண்டும் மெய்யே.

இருப்புப் பாதை ஜான்சி, போபால், நாகபுரி, வாரங்கல், விஜயவாடா வழியாகச் செல்வதால், அதன் நீளம் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதனைச் சுமார் 33 மணியில் கடக்கிறது. வான்வழியோ சற்றேறக்குறைய 1,760 கிலோமீட்டர்தான். இதனை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். டில்லிக்கும் சென்னைக்கும் இடையே அட்சரேகையில் பதினைந்தரைப் பாகை வேறுபாடு; பாகைக்கு 111 கிலோமீட்டர். சென்னை சிறிது கிழக்கே தள்ளியிருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். பயணச்சீட்டில் காணும் இரண்டே முக்கால் மணியில், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் இறங்கியபின் நிற்குமிடம் சேர்வதும் அடங்கும்.

இவ்வசதி ஒரே நாளில் வந்ததன்று. 1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் தொடங்கிற்று. டில்லி, சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடித் தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு திரும்பின. இரவெல்லாம் ஆயினும், மறுநாளே கடிதம் சேர்வது அந்நாளில் பெரும் பேறு.

சென்ற ஜனவரியில் ஒரு நாள், விடியற்காலை மூன்று மணிக்குத் தம்பி தொலைபேசியில் அழைத்தான். அம்மாவுக்கு உடல்நிலை மோசம் என்றான். நான்கு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டோம். ஏழு மணி விமானம் மூடுபனியால் பதினொன்றரைக்கே கிளம்பியது. நான்கரை மணி நேரம் கண்ணாடிக்கு வெளியே வெண்மையைத் தவிர வேறொன்றும் காணவில்லை. மயிலாப்பூர் வீட்டு வாசலை மிதித்தபோது மாலை நான்கு. மூன்று மணிப் பயணம் எங்களுக்குப் பன்னிரண்டு மணியாயிற்று.

அம்மா கண் விழித்து, “ரயில் எப்போது வந்தது?” என்று கேட்டார். “இப்போதுதான், அம்மா” என்றோம். மறுநாள் விடியலில் அவர் காலமானார். முதல் நாளிரவு ரயிலேறியிருந்தால், அவ்வேளையில் நாங்கள் போபால் அருகே இருந்திருப்போம்.

ஆகவே நேயர்களுக்கு ஒரு வார்த்தை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அவசரமற்ற பயணத்துக்குப் பிற்பகல் விமானமே நலம். பனி பெரும்பாலும் அதற்குள் விலகிவிடும். பெற்றோரைக் காணும் பயணத்தை மட்டும் அவசரம் வரும்வரை ஒத்திப்போட வேண்டாம். விமானம் தூரத்தைக் குறைத்திருக்கிறது. புறப்படும் நாளைக் குறிக்க வேண்டியவர் நாமே.