குதிரையும் ஓர் இழையும்

ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பட்டுத்தறியும் ஒரு தம்புராவும் இருந்தன. தறி வயிற்றுக்கு, தம்புரா அப்பாவின் மார்கழி பஜனைக்கு. ஒலி மங்கினால் அப்பா ஒரு பட்டிழையைக் கிள்ளி, மடித்து முறுக்கி, தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகுவார். மயிரிழையளவு நகர்த்திக்கொண்டே வருகையில், ஏதோ ஓரிடத்தில் தந்தி சட்டென்று வாய் திறக்கும். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். உயிர் என்பதைத் தவிர வேறென்ன பெயர் வைக்க முடியும்?

அவர் மறைந்தபின் தம்புராவைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். தந்திகள் அரித்துப் பள்ளம் விழுந்த மரக்குதிரையை எடுத்துவிட்டு, பளபளப்பான பிளாஸ்டிக் குதிரையைப் பொருத்தித் தந்தார்கள். நூலை எங்கே நகர்த்தியும் ரீங்காரம் எழவில்லை. பிளாஸ்டிக்கைச் சபித்தபடி பல ஆண்டுகள் அதை உறைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

சி.வி. ராமன் 1921இல் நம் தந்தி வாத்தியங்களைப் பற்றி எழுதிய சிறு கட்டுரையைப் பிற்பாடுதான் படித்தேன். தந்தியை மீட்டும் புள்ளியில் கணு அமையும் மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது யங்கின் விதி. வீணையிலும் தம்புராவிலும் அவை ஒலிப்பதை ராமன் கண்டார். காரணம் குதிரை. கிதாரில் தந்தி ஒடுங்கிய விளிம்பின்மீது அமர்கிறது. தம்புராவின் குதிரையிலும், வீணைக் குதிரை மேலுள்ள உலோகத் தகட்டிலும் இருப்பது அகன்ற, மெல்லிய வளைவு. அதிரும் தந்தி அவ்வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. ஒவ்வொரு தொடுகையிலும் மேற்சுரங்கள் புதிதாய்ப் பிறக்கின்றன.

என் குதிரையோ தட்டையாக இருந்தது.

முதிய கைவினைஞர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பிளாஸ்டிக்கை மாற்றவில்லை. அரத்தாலும் உப்புத்தாளாலும் அரைநாள் இழைத்தார், தந்தியை மீட்டிக் கேட்டார், மறுபடி இழைத்தார். மாலையில் தம்புரா பேசியது.

ஆனால் அது அப்பாவின் தம்புரா அல்ல. குரல் கூர்மையாக, சற்றே மெலிந்து ஒலித்தது. மரத்தில் இருந்த கனிவு இல்லை. வளைவு பேச வைக்கிறது. யாருடைய குரலில் என்பதைப் பொருள்தான் தீர்மானிக்கிறது போலும். பழைய குதிரையை நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பள்ளங்கள் தேய்மானம் அல்ல, அவர் பாடிய காலம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

தறியை விற்றுவிட்டோம். மிஞ்சிய பட்டுநூல் கண்டு ஒன்று அலமாரியில் இருக்கிறது. மார்கழியில் அதிலிருந்து ஓர் இழை கிள்ளுகிறேன்.