ஆடியில் கவிழ்க்கும் பெட்டி

மதுரையில் மணப்பெண் மேக்கப் போடுகிறவர்களுக்கு ஆடி மாசம் முகூர்த்தம் கிடையாது. மேக்கப் பெட்டியில் வேண்டாததைக் கழிக்க அதுதான் நேரம். மார்கழியிலும் கல்யாணம் இல்லைதான். ஆனால் தைக்கு நாள் குறித்தவர்கள் ட்ரையல் பார்க்க வந்துகொண்டே இருப்பார்கள், உட்கார முடியாது. மேக்கப் போடும் அக்காவிடம் நான் வேலை பழகச் சேர்ந்தது ஓர் ஆடியில். ஐலைனர் இழுக்கக் கற்றுத்தருவார் என்று போனால், தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்து ட்ராலிப் பெட்டியை அதன்மேல் கவிழ்த்தார். "இதுல எது போச்சு, எது இருக்குன்னு பிரி. அதுக்கப்புறம் பிரஷ்ஷத் தொடலாம்."

தேதியைப் பார்த்துப் பிரிப்பதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். இந்தியாவில் விற்கிற சரக்கில் எந்த மாதம், எந்த வருஷத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று அச்சிட்டிருக்க வேண்டும். துபாய் மச்சான் கொண்டுவந்து கொடுத்ததில் பல சமயம் அது இருக்காது. ஐரோப்பியச் சரக்கானால், அந்த ஊர் விதிப்படி 30 மாதத்துக்கு மேல் தாங்குகிற பொருளுக்குக் காலாவதித் தேதி போட வேண்டியதில்லை; மூடி திறந்த டப்பா ஒன்றின் படத்தோடு '12 எம்' என்று இருக்கும். திறந்த நாளிலிருந்து 12 மாதம் என்று கணக்கு. எப்போது திறந்தோம் என்று டப்பாவுக்குத் தெரியாதே! அதற்காக அக்கா வெள்ளை ஸ்டிக்கர் சுருள் ஒன்று வைத்திருக்கிறார். திறக்கும்போதே மாதமும் வருஷமும் எழுதி அடியில் ஒட்டிவிட வேண்டும். மூடியில் ஒட்டக் கூடாது. விடியற்காலை மூன்று மணிக்கு, மண்டபத்து அறை நெரிசலில், மூடிகள் மாறிப்போகும்.

ஸ்டிக்கர் இல்லாததற்கு மூக்கும் விரலும்தான். லிப்ஸ்டிக்கில் பெரும்பங்கு மெழுகும் எண்ணெயும். அந்த எண்ணெய் கெட்டால் பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தது போலச் சிக்கு வாடை அடிக்கும். எவ்வளவு வாசனை சேர்த்திருந்தாலும் மறையாது. முத்து முத்தாக வியர்த்திருப்பதைப் பார்த்து மட்டும் பயந்துவிடக் கூடாது. சித்திரை வெயிலில் காரில் கிடந்த லிப்ஸ்டிக் அப்படித்தான் எண்ணெய் கக்கும். துடைத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் சரியாகிவிடும். காம்பேக்ட் பவுடர்மேல் பளபளவென்று ஏடு படிந்து, பிரஷ்ஷில் எதுவும் ஏறவில்லையென்றால், முகத்து எண்ணெய் பஃப் வழியாக இறங்கியிருக்கிறது. செல்லோ டேப்பை ஒட்டிப் பிய்த்தால் ஏடு கழன்று அடியில் நல்ல பவுடர் வரும். பவுண்டேஷன் எண்ணெயும் வண்டலுமாகப் பிரிந்திருந்தால் நன்றாகக் குலுக்கிப் புறங்கையில் தேய்த்துப் பார்ப்போம். சேர்ந்துகொண்டால் இருக்கட்டும். திரிதிரியாக நின்றால் போச்சு.

கண்ணுக்குப் போடுவதில் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. மஸ்காரா திறந்து மூன்று மாதம் ஆனால் குப்பைக்கு, பாதி மிச்சமிருந்தாலும். குச்சியை உள்ளே விடும் ஒவ்வொரு தடவையும் காற்றும் கிருமியும் கூடவே போகின்றன. காய்ந்துவிட்டது என்று அதில் தண்ணீர் விடுகிறவர்களைக் கண்டால் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பெண்ணுக்குப் போட்ட பென்சிலைச் சீவி, ஸ்பிரிட் தெளித்த பிறகுதான் அடுத்தவருக்கு எடுக்கலாம். அந்த ஸ்பிரிட்டும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் 70 சதவீதம்தான் வாங்குவார். "99 இன்னும் நல்லதில்லயாக்கா?" என்று கேட்டேன். அது கிருமியைக் கொல்லுவதற்குள் ஆவியாகிவிடுமாம்; கொஞ்சம் தண்ணீர் கலந்திருந்தால்தான் நின்று வேலை செய்யும்.

நான் மலைத்துப் போனது பவுண்டேஷன் வரிசையைப் பார்த்துத்தான். கம்பெனி புது ஷேட் விட்டதும் வாங்கியது, கோர்ஸ் நடத்தியவர்கள் வாங்கச் சொன்னது, ஆஃபரில் ஒட்டிக்கொண்டு வந்தது என்று ஒரு மேசை நிறைய. அவற்றில் பெரும்பாலானவை ரோஸ் சாயல் கொண்ட வெளிர் ஷேட்கள். நம்மூர் முகங்களில் மஞ்சளும் பொன்னும்தான் அதிகம். அதன்மேல் ரோஸ் சாயலை ஏற்றினால் மண்டபத்து வெள்ளை விளக்கில் முகம் சாம்பல் பூத்துவிடும். அப்புறம் ஏன் இவை பெட்டியில்? "பொண்ணு கொஞ்சம் கலரா தெரியணும்னு கேக்குறாங்கல்ல, அவங்களுக்காக" என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல். அந்த ஆடியில் அவற்றை மொத்தமாக ஒதுக்கினார். வாடிக்கை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. என்னைக் கேட்டால், பெட்டியிலிருந்து வெளியேறியவற்றில் முதலில் போக வேண்டியவை இவைதான்.

மிச்சத்தை ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாகத் தடவி ஜன்னலோரம் காயவிட்டோம். பவுண்டேஷன் காய்ந்தால் கொஞ்சம் கறுக்கும். ஈரத்தில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. காய்ந்தபின் பார்த்தால் ஆறு பெயரில் ஒரே நிறம். கடைசியில் வெளிர், நடு, அடர் என்று மூன்று பாட்டில்களும், சாயல் திருத்த மஞ்சள், நீல மிக்ஸர்களும், கருவளையத்துக்கு ஆரஞ்சுக் கரெக்டரும் நின்றன. வருகிற முகத்துக்கு ஏற்ப ஸ்டீல் தட்டில் கலந்துகொள்ள வேண்டியதுதான். அடர் ஷேட் ஆரஞ்சு தட்டினால் நீலத்தில் ஊசிமுனை அளவு தொட்டால் அடங்கும். சிலிகான் அடிப்படையில் செய்ததையும் தண்ணீர் அடிப்படையில் செய்ததையும் சேர்த்தால் தட்டிலேயே திரிந்துவிடும் என்பதால் மூன்றும் ஒரே ரகமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார். இந்தக் கலவை கைக்கு வர எனக்கு ஐலைனரைவிட அதிக காலம் பிடித்தது.

அக்ரிலிக் டப்பாக்களில் நிறவாரியாக அடுக்கிக் காட்டும் வீடியோக்கள் பார்க்க அழகுதான். தாலி கட்டும் நேரம் நெருங்கும்போது அவை ஒன்றுக்கும் உதவாது. அக்கா அடுக்குவது முகத்தில் ஏறும் வரிசைப்படி: துடைக்கிறதும் ஈரப்பதத்துக்கானதும் முதல் ஜிப் பை, அடுத்தது முகம், பிறகு கண், உதடு. லிப்ஸ்டிக்குகளைக் கத்தியால் வெட்டி, லேசாக உருக்கி, சின்னக் கிண்ணிகள் கொண்ட பேலட்டில் ஊற்றிவிடுவோம். எடுப்பது ஸ்பேட்டுலாவால் மட்டும். ஊக்கு, கொண்டை ஊசி, சவுரிக்குத் தனிப் பை.

கழித்ததை அப்படியே குப்பையில் போடவும் விடமாட்டார். காலி பாட்டிலில் போலிச் சரக்கை ஊற்றி விற்கிறவர்கள் உண்டு. லேபிளைக் கிழித்து, அட்டைப் பெட்டியை நசுக்கித்தான் போட வேண்டும்.

இப்போது எங்களிடம் மேக்கப் போட்டுக்கொண்ட பெண்களே தங்கள் ட்ரெஸ்ஸிங் டேபிளைக் கழித்துத் தரச் சொல்லி ஆடியில் கூப்பிடுகிறார்கள். அக்கா என்னை அனுப்புகிறார். வீடுகளில் பவுண்டேஷன் தொல்லை குறைவு; பழுப்பேறிப்போன வைட்டமின் சி சீரம், போன வருஷமே தேதி முடிந்த சன்ஸ்க்ரீன், பரிசாக வந்த லோஷன்கள்தான் இடத்தை அடைத்திருக்கும். ஒன்றில் மட்டும் பேரம் பேசமாட்டேன். வெளிநாட்டுச் சரக்கு என்று சொன்னாலும், இறக்குமதி செய்தவர் முகவரியும் பதிவு எண்ணும் இல்லாத வெள்ளையாக்கும் க்ரீம். மலப்புரத்தில் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை 2023-இல் டாக்டர்கள் கண்டறிந்தார்கள், காரணம் பாதரசம். "ரெண்டு வாரத்துலயே பளிச்சுன்னு ஆயிருச்சும்மா" என்று அம்மாக்கள் டப்பாவைப் பிடுங்குவார்கள். அதுக்குத்தான் அந்தப் பாதரசம் என்பேன். கழித்த பையை நீட்டி, "கூலிக்குப் பதிலா நீயே வச்சுக்கோயேன்" என்கிறவர்களும் இருக்கிறார்கள்.