பயணியின் கண்ணும் கதைஞனின் கையும்

அக்கரைப்பற்றிலிருந்து தெற்கே செல்லும் கரையோர வீதி திருக்கோவிலைக் கடந்து, கோமாரி வழியாகப் பொத்துவிலை அடைகின்றது. கோயில் மணியும் பள்ளிவாசலின் பாங்கொலியும் மாறி மாறிக் கேட்கும் வழி அது. அவ்வழியிற் பிறந்த இளைஞன் ஒருவன் பழைய கடற்பயணி ஒருவனின் குறிப்புகளைக் கொண்டு கதையொன்று புனைய முற்படுகின்றான் எனக் கொள்வோம். கப்பலும் புயலும் கறுவாவும் யானையும் அவனுக்கு உவப்பானவை. ஆயின், அவற்றினிடையே அப்பயணி இந்நாட்டு மாந்தரை நிறத்தாலும் மதத்தாலும் இகழ்ந்துரைக்கும் பகுதிகளும் எதிர்ப்படுகின்றன. அவற்றை நீக்குவதா, நிறுத்துவதா? வரலாற்றுப் புனைகதை எழுதப் புகும் எவரும் எதிர்கொள்ளும் வினா இதுவாகும்.

தமிழில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. ஏழாம் நூற்றாண்டிற் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், திராவிட நாட்டு மக்களைத் துணிவும் வாய்மையும் கல்விப்பற்றும் உடையோர் எனப் போற்றினார். அதே நூலில், தெற்கேயுள்ள மலகூட நாட்டாரைக் கரிய நிறத்தினர், முரட்டு இயல்பினர், கல்வியை மதியாது வாணிப ஊதியத்தையே நாடுவோர் என்றும் எழுதிவைத்தார். அந்நாட்டை அவர் நேரிற் காணவில்லை, கேள்வியுற்றே எழுதினார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்த கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தில் இவ்வியாத்திரிகர் ஒரு பாத்திரமாக வருகின்றார். வாசகர் நெஞ்சில் நிலைப்பவர், புத்தர் பிறந்த நாட்டைத் தேடி வந்த அறிஞரே. கேள்விப்பட்டதைக் கொண்டு பாண்டி நாட்டாரை எடைபோட்ட மனிதரல்லர். கதையின் போக்குக்கு இது பொருந்தலாம். எனினும், பேரறிஞரிடமும் அத்தகைய சிறுமை குடியிருக்கக்கூடும் என்னும் அறிவு நமக்குக் கிட்டாமற் போகின்றது.

இக்கரை முஸ்லிம்கள் பெருமையோடு நினைவுகூரும் பயணி இப்னு பதூதா. 1344இல் இலங்கை வந்து, பாவா ஆதம் மலையில் ஏறியவர் அவர். 1352இல் ஆபிரிக்காவின் மாலி நாட்டை அடைந்தபோது, வெள்ளை நிறத்தாரை அங்குள்ள கருநிற மக்கள் மதிக்கவில்லை என வெகுண்டு, அந்நாட்டுக்கு வந்ததற்காகவே வருந்தியதாகக் கூறினார். அதே மக்களின் நீதியுணர்வையும், வழிப்போக்கருக்கு அங்கிருந்த பாதுகாப்பையும், திருக்குர்ஆனை மனனஞ் செய்வதில் அவர்கள் காட்டிய ஆர்வத்தையும் மனமாரப் புகழ்ந்தவரும் அவரே. இகழ்ச்சியை மாத்திரம் துடைத்துவிட்டால் எஞ்சுவது ஒரு புனிதரின் படம். இரண்டையும் ஒருங்கே வைத்தால், தன் சினத்தை மீறியும் உண்மையைக் காண நேர்ந்த மனிதர் ஒருவர் தோன்றுகின்றார். கதைக்கு வேண்டியவர் அவரன்றோ?

காழ்ப்பை மென்மையாக்குவதால் விளையும் பெருங்கேடு வேறொன்று. ஐபீரிய நாட்டில் முஸ்லிம்களோடு நூற்றாண்டுகளாகப் பொருது வளர்த்த பகையையும், ‘மூர்’ என்னும் பெயரையும் போர்த்துக்கேயர் தம் கப்பல்களிலேயே ஏற்றி வந்தனர். இங்கு கண்ட சோனகருக்கும் அப்பெயரையே சூட்டினர். ஆங்கிலத்தில் அது இன்றும் வழங்குகின்றது. 1626இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து அவர்கள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என வரலாற்று நூல்கள் குறிக்கும். கிழக்குக்கரை முஸ்லிம் குடிகள் யாவரும் அவ்வழி வந்தோரல்லர். ஆயினும், போர்த்துக்கேயக் கப்பற்றலைவன் ஒருவனைப் பெருந்தன்மையாளனாகத் தீட்டும் கதையில் அந்த 4,000 பேரும் காரணமின்றியே வீடு துறந்து நடப்பவராவர். காழ்ப்பை அழிக்கும் கை, அதனாற் பட்ட துன்பத்தின் காரணத்தையும் உடன் அழித்துவிடுகின்றது.

அவ்வாறாயின், வசைகளை அவ்வாறே பெயர்த்தெழுதுவது போதுமா? போதாது. பயணியின் சொல் பயணியின் வாயிலேயே நிற்றல் வேண்டும். கதைசொல்பவனின் குரலாக மாறலாகாது. அன்றியும், பார்க்கப்பட்டவனுக்கும் கண் உண்டு. ‘மூர்’களைப் பகைத்த வாஸ்கோ ட காமா 1498இல் மாலிந்தியிற் கிடைத்த வழிகாட்டி ஒருவனின் துணைகொண்டே கோழிக்கோட்டை அடைந்தான். காற்றையும் விண்மீனையும் அறிந்த அம்மனிதன் தன் கப்பற்றலைவனைப் பற்றி என்ன நினைத்திருப்பான்? பயண நூல்கள் விடுத்த அவ்விடத்தை நிரப்புவதற்கே புனைகதைக்கு உரிமை உண்டு.

தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த நாள்களை 1990இல் இக்கரை கண்டது. அயலவர் மனம் நோகலாகாது என்னும் எண்ணத்தாலேயே கோமாரி இளைஞன் பழைய வசைகளை மறைக்க விரும்பக்கூடும். அவ்வெண்ணம் மதிக்கத்தக்கதே. ஆயினும், நேரிற் காணாத மக்களைப் பற்றிக் கேட்டதையெல்லாம் நம்பும் வழக்கம் யுவான் சுவாங்கோடு முடிந்துவிடவில்லை. அது பொத்துவிலிலும் உண்டு, கோமாரியிலும் உண்டு. பழைய பயணியிடத்து அதனை இனங்காணப் பழகிய வாசகனே, நாளை தன் நாவில் அது எழும்போதும் இனங்காண்பான்.