சிவப்புத் தங்கம்

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் மடையான் என்று ஒரு பறவை உண்டு. குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். ரேடியல் சாலை ஓரம் நின்று பார்த்தால் சேறும் கோரையும்தான் தெரியும். ஒரு லாரி ஹாரன் அடித்தால் போதும், அதே சேற்றிலிருந்து நாலைந்து வெள்ளைச் சிறகுகள் விரியும். உட்கார்ந்தால் சேற்று நிறம், பறந்தால் பளிச். வெளிச்சம் அதேதான், என் மூக்குக் கண்ணாடியும் அதேதான். பறவைக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் வந்ததும் தெரிந்துவிட்டது. இதற்குப் பெயர்தான் கான்ட்ராஸ்ட்.

மருத்துவத்தில் இது உயிர் விஷயம். புற்றுநோய் செல் ஆரம்பத்தில் உட்கார்ந்திருக்கும் மடையான். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லோடு கலந்து, இருப்பதே தெரியாது.

எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் இருபது வருஷமாகக் கன்னத்தில் புகையிலை அடக்குகிறவர். ஒருநாள் கொட்டாவி விட்டபோது பார்த்தேன், உள்கன்னத்தில் சுண்ணாம்பு தடவினாற்போல ஒரு வெள்ளைத் திட்டு.

"டாக்டர்கிட்ட காட்டுங்க."

"வலிக்கலியே சார். வலிச்சா போலாம்."

அதுதான் சிக்கல். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. இந்திய ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் இருக்கிறது. வலி வந்தபின் போகிறவர்கள் பலர் லேட். வற்புறுத்தி அழைத்துப் போனேன். இளம் பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வெள்ளைத் திட்டெல்லாம் பார்வைக்கு ஒண்ணு போலத்தான் சார் இருக்கும். எது சாது, எது போக்கிரின்னு துணுக்கு வெட்டி டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்" என்றார். ரிசல்ட் வர ஒரு வாரம். அந்த வாரம் என் சட்டைகளில் மடிப்பு தாறுமாறாக விழுந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

வெட்டாமல், பார்த்தே சொல்லிவிட முடியாதா? இங்கேதான் தங்கம் வருகிறது.

தங்கம் மஞ்சள் என்பது நகைக்கடை உண்மை. அதையே 20 நானோமீட்டர் உருண்டையாக்கி, அதாவது தலைமுடியின் தடிமனில் நாலாயிரத்தில் ஒரு பங்காக்கி, தண்ணீரில் மிதக்க விட்டால் ஒயின் சிவப்பாகிவிடும். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் உயரப் போகுமல்லவா? அதுபோல அந்தத் துகளின் எலெக்ட்ரான்கள் பச்சை வெளிச்சத்தின் தாளத்துக்கு ஒன்றாக ஆடி, அதை விழுங்கிவிடுகின்றன. மிச்சம் சிவப்பு. 1857-லேயே மைக்கேல் ஃபாரடே இந்தச் சிவப்புத் தண்ணீரைத் தயாரித்தார். அவருடைய பாட்டில்களை லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் இன்னமும் வைத்திருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். கர்ப்பம் பார்க்கும் பட்டையிலும் கொரோனா காலத்து டெஸ்ட் கிட்டிலும் தெரியும் அந்தச் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கத் துகள்தான். செலவும் பயப்படும்படி இல்லை. ஒரே ஒரு மில்லிகிராம் தங்கத்தில் இப்படிச் சுமார் 12 லட்சம் கோடி உருண்டைகள் செய்யலாம்.

அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கில் மொஸ்தஃபா எல்-சையத் என்ற எகிப்தில் பிறந்த வேதியியல் பேராசிரியர். அவர் மகன் ஐவன், சான்ஃபிரான்சிஸ்கோவில் தலை, கழுத்துப் பகுதி அறுவை டாக்டர். இருவரும் சகாக்களுடன் 2005-ல் ஒரு காரியம் செய்தார்கள். பல வாய்ப்புற்று செல்களின் மேல்தோலில் ஈஜிஎஃப்ஆர் என்ற புரதம் மிதமிஞ்சி இருக்கும். அதைத் தேடிப்பிடித்து ஒட்டும் ஆன்டிபாடியைத் தங்கத் துகளின் மேல் பூசி, செல்களின் மேல் விட்டார்கள். நல்ல செல்லைவிடப் புற்று செல்லில் 600 சதவிகிதம் அதிகமாக ஒட்டியது. சாதாரண வெள்ளை வெளிச்சத்தில், மைக்ராஸ்கோப்பில், புற்று செல்கள் விளிம்பெல்லாம் மின்னின. மடையான் சிறகை விரித்துவிட்டது!

துகளை உருண்டையாக இல்லாமல் குச்சியாகச் செய்தால், அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் வேலை செய்யும். உள்ளங்கையில் டார்ச்சை அழுத்திப் பிடித்தால் சிவப்பு மட்டும் மறுபக்கம் கசிகிறதே, அதையும் தாண்டிய வெளிச்சம் அது. சதையில் இன்னும் ஆழமாகப் போகும்.

சந்தோஷப்படுமுன் ஒரு எச்சரிக்கை. 2005-ல் மின்னியது கண்ணாடித் தகட்டில் வளர்த்த செல். ரத்தத்தில் செலுத்தினால் தங்கம் ஈரலிலும் மண்ணீரலிலும் போய் நெடுநாள் தங்கிவிடுகிறது. தீங்கில்லை என்று மனிதரில் நிரூபிக்க வேண்டும். அதனால் இன்றைக்கும் வாய்ப்புற்றை உறுதி செய்யத் துணுக்கு வெட்டித்தான் ஆக வேண்டும். எங்கள் இஸ்திரிக்காரருக்கு ரிசல்ட் வந்தது. புற்று இல்லை, ஆனால் புகையிலையை விட்டே ஆக வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும்.

கான்ட்ராஸ்டுக்குத் தங்கம்தான் வேண்டும் என்றில்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-த்தில் தொடங்கி, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பை வாயில் வினிகரின் அமிலமான நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். கோளாறான இடம் ஒரு நிமிஷத்தில் வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற நர்ஸ்களே பார்த்தார்கள். 2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்று மரணம் 35 சதவிகிதம் குறைந்திருந்தது. ஊறுகாயில் ஊற்றுகிற சமாசாரம்!

தங்கம் வரும்போது வரட்டும். வீட்டில் ஒரு கண்ணாடியும் டார்ச்சும் இருக்கிறதல்லவா? மாதம் ஒருமுறை வாயைத் திறந்து பாருங்கள், புகையிலை போடுகிறவர்கள் முக்கியமாக. வெள்ளையோ சிவப்போ திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், எதுவானாலும் டாக்டரிடம் போய்விடுங்கள். வலிக்கவில்லையா? அப்படியென்றால் இன்றைக்கே போங்கள்.