ஞாயிறு இரவில் பாடம் தேடுகிறவர்கள்



நான் லண்டன் ஹாரோவில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. இந்தப் பத்தியைப் படிக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரு வரி அடிக்கடி தென்படுகிறது: "பாடம் நடத்த அங்கே நெட்டில் எதையெல்லாம் எடுக்கிறீங்க, நல்லதா நாலு லிங்க் அனுப்புங்க மேடம்." நாலு என்ன, நானூறு அனுப்பலாம். கொட்டிக் கிடக்கிறது. நானூறு வந்தால் ஒன்றைக்கூட நீங்கள் திறந்து பார்க்க மாட்டீர்கள் என்பதால், இந்த மாத மடலையே அதற்கு ஒதுக்கிவிட்டேன்.

முதலில் இந்த ஊர் நிலவரம். தமிழ்நாட்டில் உள்ளதுபோல அரசு அச்சடித்துத் தரும் பாடநூல் இங்கிலாந்தில் கிடையாது. எந்த வயதில் என்ன கற்றுத்தர வேண்டும் என்பதைத் தேசியப் பாடத்திட்டம் சொல்லும். எதை வைத்துக் கற்றுத்தருவது என்பது பள்ளியின் பாடு. கடைசியில் வகுப்பாசிரியரின் பாடு. நான் எடுப்பது நான்காம் ஆண்டு. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். கணக்கு, ஆங்கிலம், அறிவியல், வரலாறு என்று எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே ஆள்தான் நடத்த வேண்டும். ஆகவே ஞாயிறு இரவு சாப்பாடு முடிந்ததும், நாடு முழுக்க ஆசிரியர்கள் மடிக்கணினியைத் திறந்துவைத்துத் திங்கட்கிழமைக்குப் பாடம் தேடுவார்கள். டீ குடிப்பதற்கு அடுத்த தேசிய வழக்கம் இதுதான்.

தேடினால் முதலில் அகப்படுவது பணித்தாள். நான்கு நிறத் தலைப்பு, வானவில் ஓரம், மூலையில் ஒரு கரடிக்குட்டி. சந்தா கட்டினால் வேண்டிய மட்டும் இறக்கிக்கொள்ளலாம். பிள்ளைகள் இருபது கூட்டல் கணக்குப் போட்டு, கரடிக்கு வண்ணம் தீட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். வகுப்பு அமைதியாக இருக்கும். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போவார். இன்றைக்கு என்ன படித்தாய் என்று வீட்டில் கேட்டால், பிள்ளை கரடி என்றுதான் சொல்லும்.

எனக்குப் பிடித்த தளங்கள் பெரும்பாலும் இவ்வளவு அழகாக இருக்காது. முதலில் சொல்ல வேண்டியது 'என்ரிச்'. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1990-களில் தொடங்கிய கணக்குத் திட்டம், முழுக்க இலவசம். கணக்கில் பின்தங்கிய பிள்ளையும் உள்ளே நுழைய முடிய வேண்டும், கெட்டிக்காரப் பிள்ளைக்கும் போகப் போக வழி இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்குகளைத் தேர்ந்தெடுக்கும் முறை. அதில் 'மேஜிக் வி' என்று ஒரு கணக்கு உண்டு. நீங்கள் நாளைக்கே நடத்திப் பார்க்கலாம் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் ஐந்து வட்டங்கள். இடது கையில் மூன்று, வலது கையில் மூன்று. அடியில் இருக்கும் வட்டம் இரண்டுக்கும் பொது. 1 முதல் 5 வரையுள்ள எண்களை வட்டத்துக்கு ஒன்றாக வைக்க வேண்டும். இரண்டு கைகளின் கூட்டுத்தொகையும் சமமாக வர வேண்டும். அவ்வளவுதான் கேள்வி. எண் அட்டைகள் போதும். இல்லையென்றால் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, காகிதத் துண்டில் எண் எழுதி வைக்கலாம். கூட்டல் தெரிந்த எந்தப் பிள்ளையும் ஐந்து நிமிடத்தில் ஒரு விடையைக் கண்டுபிடித்துவிடும். அடியில் 1, ஒரு பக்கம் 2, 5, மறுபக்கம் 3, 4 என்று வைத்தால் இரண்டு கையும் 8. "முடிஞ்சது மிஸ்" என்று கை தூக்கும்போதுதான் பாடமே ஆரம்பம். வேறு விடை உண்டா? உண்டு. அடியில் 3 வைத்தால் 9 வரும், 5 வைத்தால் 10 வரும். அடியில் 2 வைக்க முடியுமா? முயல்வார்கள், முடியாது. 4? அதுவும் முடியாது. ஏன்?

இந்த 'ஏன்' ஒரு வகுப்பை அரை மணி நேரம் கட்டிப்போடும். எனக்குத் தெரிந்து இரைச்சலான அரை மணி நேரமும் அதுதான். கடைசியில் யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். ஐந்து எண்களின் கூட்டுத்தொகை 15. அடி எண் இரண்டு கைகளுக்கும் சேர்வதால் அதை இரண்டு முறை எண்ணுகிறோம். ஆக மொத்தம் 15-உடன் அடி எண்ணைக் கூட்டியது. அது இரண்டு சம பங்காகப் பிரிய வேண்டுமானால் இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். ஆகவே அடியில் ஒற்றைப்படை எண்தான் உட்கார முடியும். "சரி, 2 முதல் 6 வரை வைத்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும். இந்தத் தடவை கூட்டுத்தொகை 20. அடியில் இரட்டைப்படைதான் வரும். ஒன்பது வயதில் ஒரு பிள்ளை தானே ஒரு நிரூபணம் செய்துவிட்டது. பெயரெல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இந்தப் பாடத்துக்கு வகுப்பறையில் இணையம் தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஞாயிறு இரவில் ஆசிரியருக்கு மட்டும் பத்து நிமிடம் வேண்டும். ஒரு தளத்தை நான் மதிப்பிடுவது இதை வைத்துத்தான்: திரையை மூடிய பிறகு பிள்ளைகளின் கைக்கும் வாய்க்கும் வேலை இருக்கிறதா?

திரையிலேயே வைத்து நடத்த வேண்டியவையும் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' அப்படிப்பட்டது. 2001-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டே தொடங்கியது. பாவனைச் சோதனைகள் என்று சொல்லலாம். மேல்வகுப்பு இயற்பியலுக்காகப் பெயர் பெற்றது என்றாலும், தொடக்கப் பள்ளிக்கும் பின்னம், பெருக்கல், ஏற்றப் பலகைச் சமநிலை என்று நிறையவே இருக்கிறது. ஒரு கேக்கை எட்டாக வெட்டி மூன்று துண்டை எடுத்து வைத்தால், அதே எட்டில் மூன்று எண்கோட்டில் எங்கே நிற்கிறது என்று பக்கத்திலேயே காட்டலாம். பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். கரண்டும் சிக்னலும் மாறி மாறிப் போகும் ஊரில் இது பெரிய விஷயம்.

இறக்கிவைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷ் மென்பொருளுக்கு முடிவு கட்டியது. பதினைந்து, இருபது ஆண்டுகளாக ஆசிரியர்கள் நம்பியிருந்த எத்தனையோ சின்னச் சின்ன விளையாட்டுகளும் கணக்குக் கருவிகளும் அத்தோடு திறக்காமல் போயின. மணிகளை நகர்த்தி இடமதிப்பு சொல்லிக்கொடுக்கும் ஒரு பக்கத்தை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். இணையத்தில் இருப்பது நாளைக்கும் இருக்கும் என்று நம்பிப் பாடக்குறிப்பு எழுதாதீர்கள்.

வாய்ப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்தில் அரசு வாய்ப்பாட்டுச் சோதனை நடக்கிறது. 2022 முதல் கட்டாயம். கணினியில் 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி, பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை. பதினாறாம் வாய்ப்பாட்டை நின்றுகொண்டே ஒப்பித்த தலைமுறைக்கு இது சிரிப்பாக இருக்கும். இதற்குப் பழக 'ஹிட் த பட்டன்' போன்ற இலவச விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பிள்ளைகள் உயிரை விடுவார்கள். வேகத்துக்கு நல்லது. ஆனால் 7×8 தெரியாத பிள்ளைக்கு அந்த விளையாட்டு அதைக் கற்றுத்தராது. தெரியாது என்பதை வேகமாக உணர்த்தும், அவ்வளவுதான். ஏழு வரிசையில் எட்டெட்டுப் புள்ளி வைத்து, நடுவே ஒரு கோடு கிழித்து, ஏழைந்து முப்பத்தைந்து, ஏழு மூன்று இருபத்தொன்று என்று கூட்டிப் பார்க்க ஒரு கட்டம் போட்ட தாள் போதும்.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடியபோது, 2020 ஏப்ரலில், ஆசிரியர்கள் சேர்ந்து சில வாரங்களிலேயே கட்டியெழுப்பிய 'ஓக் நேஷனல் அகாடமி' இன்னொரு நல்ல கிடங்கு. பாடவாரியாகக் காணொளி, படவில்லை, வினாடி வினா எல்லாம் இலவசம். 2022-ல் அது அரசு சார்ந்த அமைப்பாக மாறியபோது, இலவசமாகக் கொடுத்தால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது என்று பதிப்பகத்தார் நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் கவலையிலும் நியாயம் இருக்கிறது. ஞாயிறு இரவு பத்து மணிக்கு எனக்கு அது நினைவுக்கு வருவதில்லை.

இனி நம் பக்கத்துச் சரக்கு. இங்கே என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு நான் காட்டி, அவர்கள் வாயைப் பிளந்து பார்த்த தளம் அரவிந்த் குப்தாவுடையது. ஐஐடி கான்பூரில் பொறியியல் படித்தவர். 1978-ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் அறிவியல் கற்பிப்புத் திட்டத்தில் கிராமப் பள்ளிகளோடு வேலை செய்யப் போனார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். குப்பையிலிருந்து பொம்மை செய்வது அவர் வழி. செய்முறைப் படங்கள், தமிழிலும் பேசும் சின்னக் காணொளிகள், இலவசப் புத்தகங்கள் என்று ஒரு நூலகமே அந்தத் தளத்தில் இருக்கிறது.

சைக்கிள் வால்வ் டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, தீக்குச்சிகளை அவற்றில் செருகி உருவங்கள் செய்வது அவருடைய பழைய வித்தை. ஊருக்கு வந்தபோது சைக்கிள் கடையில் ஒரு சுருள் வால்வ் டியூப் வாங்கி வந்தேன். கடைக்காரர் "லண்டன்ல சைக்கிள் இல்லையாம்மா?" என்று கேட்டார். தீக்குச்சியைப் பள்ளிக்குள் கொண்டுபோனால் பாதுகாப்பு விதிகள் குறுக்கே நிற்கும். மருந்து இல்லாத மொட்டைக் குச்சிகள் இங்கே கைவினைக் கடையில் கிடைக்கின்றன. அறுகோணம் செய்யச் சொன்னேன். மேசைமேல் வைத்து ஒரு முனையை அழுத்தினால் கோணல்மாணலாகிவிடும். ஐங்கோணமும் ஆடும், சதுரம் சாய்சதுரமாகும். முக்கோணம் மட்டும் அசையாது. அசையாமல் நிறுத்த எத்தனை குறுக்குச் சட்டம் வேண்டும் என்று கேட்டால், சதுரத்துக்கு ஒன்று, ஐங்கோணத்துக்கு இரண்டு, அறுகோணத்துக்கு மூன்று என்று பட்டியல் போட்டுவிடுவார்கள். குறுக்குச் சட்டத்துக்குக் குச்சி நீளம் பற்றாது. அதற்கு ஸ்ட்ராவை வெட்டிக்கொள்ளலாம். பத்துக் கோணத்துக்கு எத்தனை என்பதை ஒரு பிள்ளை செய்து பார்க்காமலே ஏழு என்று சொன்னது. மறுநாள் இன்னொருவன் வந்து, "மின்கோபுரத்தைப் பார்த்தேன் மிஸ், அது முழுக்க முக்கோணம்" என்றான்.

வார இறுதியில் நடக்கும் தமிழ்ப் பள்ளியிலும் நான் ஒரு வகுப்பு எடுக்கிறேன். ஹாரோப் பக்கத்தில் பெரும்பாலானவை யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். அங்கே எங்களைக் காப்பாற்றுவது ப்ரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்'. வாசிக்கும் திறனுக்கேற்ப நான்கு படிநிலைகளில் படக்கதைகள், தமிழில் ஏராளம். படைத்தவர் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம் என்பது அதன் உரிமம். ஆகவே கதையில் வரும் பாட்டியை எங்கள் பிள்ளைகளுக்காக அம்மம்மா ஆக்கிக்கொண்டோம். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. அரிச்சுவடிப் பாட்டுக்கும் பயிற்சிக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம். ஈழத்துப் பழைய பாடநூல்களுக்கு 2005-லிருந்து இயங்கும் நூலகம் தளம். தமிழ்நாட்டுப் பாடநூல்களையும் இறக்கிக்கொள்கிறோம். 2018 முதல் அவற்றில் அச்சாகும் க்யூஆர் கட்டத்தைக் கைபேசியில் காட்டினால் காணொளி வரும். சிலது நன்றாகவே இருக்கிறது. சிலதில் ஆசிரியர் கரும்பலகை முன் நின்று பாடநூலையே வாசிக்கிறார். அதற்கு எதற்குக் காணொளி?

லிங்க் கேட்ட ஆசிரியர்களிடம் பதிலுக்கு நானும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பீரோவில் கையால் செய்த எழுத்து அட்டைகள் இருக்கின்றன, எண்ணும் எழுத்தும் பயிற்சிக்காக ராத்திரி உட்கார்ந்து வரைந்த படங்கள் இருக்கின்றன, உங்கள் பிள்ளைகளிடம் எடுபட்ட விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் சிலது வாட்ஸ்அப் குழுக்களில் எங்களிடமும் வந்து சேர்கிறது. வரும்போது மங்கலான போட்டோவாக வருகிறது, அல்லது குறுக்கே யாருடைய கைபேசி எண்ணோ அச்சடித்த பிடிஎஃப்-ஆக வருகிறது. ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. தயவுசெய்து திருத்தக்கூடிய கோப்பாகப் பொதுவில் ஏற்றுங்கள். எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகளோடு செய்தது, எங்கே சொதப்பியது என்று நாலு வரி எழுதுங்கள். உங்கள் பெயரைப் போட்டு, மற்றவர்கள் மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற உரிமக் குறிப்பையும் சேர்த்துவிடுங்கள். முக்கியமாக, பாமினி எழுத்துருவில் வேண்டாம். யுனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.